வடக்குத் திட்டில் எண்ணிக்கை

வதனி அந்தச் சாமானை என் உள்ளங்கையில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அண்ணியுடைய க்ளிக்கர்தான். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்து நான் எதையும் தெரிந்துகொண்டு நாலு வருஷம் ஆகிறது. எஃகின் குளிர்ச்சி, விரல் நுழைக்கிற வளையம், ஒரு தடவை கீழே விழுந்து நசுங்கின ஓரம், அண்ணியின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கின குமிழ். ஒரு அழுத்துக்கு ஒரு எண் நகரும். க்ளிக். பறவை எண்ணுகிறவர்கள் எல்லாரிடமும் இது இருக்கும், என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் அண்ணியுடையது போலச் சத்தம் போடுகிற க்ளிக்கர் இந்தக் கடற்கரையில் வேறு கிடையாது. "அம்மா பொட்டியில இருந்துச்சு அத்தை, நீங்க வச்சுக்குங்க" என்றாள் வதனி. "அப்ப நீ எதுல எண்ணுவ?" என்றேன். "ஃபோன்ல ஒரு ஆப் இருக்கு. தொட்டா ஏறிக்கிட்டே போகும்." "சத்தம் வருமா?" "சத்தமா? எதுக்கு அத்தை? பறவ மிரண்டுறாதா?" நியாயமான கேள்விதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண், நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லில் அணுக்களை எண்ணுகிறவள், அவளுக்குச் சத்தம் எதற்கு? எனக்குத்தான் வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு எண்ணிக்கையே இல்லை. இதை இந்த உலகத்தில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் நாளைக்கே என்னை இந்தச் சேற்றில் இறங்கவிட மாட்டார்கள். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரத்தில், வடக்குத் திட்டின் முன்னால் நின்றுகொண்டு, அண்ணி மகளிடம் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

பார்வை எல்லாம் போய்விடவில்லை. போயிருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். எதைப் பார்க்கிறேனோ அது மட்டும்தான் போய்விடுகிறது. வரப்பைப் பார்த்தால் வரப்பின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம், இரண்டு பக்கமும் தண்ணீர் நன்றாகத் தெரிகிறது. வதனி முகத்தைப் பார்த்தால் முகம் இல்லை, காது இருக்கிறது, தோடு இருக்கிறது, பின்னல் இருக்கிறது. தஞ்சாவூர் டாக்டர் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "மையம் போயிருச்சும்மா, ஓரம் நிக்கும், பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்று சொல்வதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது போலிருக்கிறது. வீட்டுக்காரரிடம் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள் என்றேன், மாற்றினேன், மாற்றின கண்ணாடியிலும் அதே வட்டம். சோற்றில் கல் வந்தால் "என்ன தையல்நாயகி, கண்ணு எங்க இருக்கு?" என்பார், நானும் சிரித்துக்கொள்வேன். ஊசியில் நூல் கோர்ப்பதை விட்டாயிற்று. கோயிலில் அர்ச்சனைச் சீட்டை வாசிப்பதை விட்டாயிற்று. இது ஒன்றைத்தான் விடவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை தை மாசக் குளிரில் இந்த வரப்பு, இந்த உப்பு வாடை, முழங்கால் வரை ஏறுகிற சேறு. வரப்பு ஓரமாகத்தான் நடக்கிறேன், ஓரம்தான் தெரிகிறது. வதனி பின்னாலேயே வருகிறாள், சேற்றுச் செருப்பு அவளுக்குப் பழக்கமில்லை, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் தட்டுகிறது. டப். டப். எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணாதே. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. அண்ணி செத்து ஆறு மாசமாகிறது, ஆடி வெள்ளிக்கு முதல் நாள், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் என் தலைக்குள் எண் ஏறுகிறது. குழாய் சொட்டினால், பல்லி கத்தினால், இவர் நகம் வெட்டினால். இரவில்கூட இல்லை, பட்டப்பகலில்.

பறவை பார்க்கிற கோபுரத்தடியில் வனக்காவலர் பக்கிரிசாமி டீத்தம்ளரோடு நின்றார், தம்ளர் தெரிந்தது, ஆள் தெரியவில்லை, குரல் தெரிந்தது. "என்னக்கா, அண்ணி இல்லாம மொத வருஷம்" என்றார். "ஆமா." "பாப்பா அவங்க மவளா? அதே நடை. ஒன்னு சொல்லவா பாப்பா, ஒங்க அம்மாவும் அத்தையும் குடுக்குற தாள மட்டும் ஆபீசுல திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. மத்தவன் எல்லாம் ரெண்டு பேரு ரெண்டு கணக்கு எழுதிட்டு அடிச்சுக்குவான். இவங்க ரெண்டு பேரு கணக்கும் ஒட்டிக்கிட்டே இருக்கும்." வதனி பெருமையாகச் சிரித்தாள். ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், பின்னே ஒட்டாமல்? முறை என்னவென்றால், ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும். கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி அந்தப் பத்தின் அகலம் எவ்வளவு என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் அந்த அகலத்தை வைத்து அளந்துகொண்டே போக வேண்டும், பத்துக்கு ஒரு அழுத்து. எண்ணி முடிகிறவரை பேசக்கூடாது. ஜாடைகூடக் காட்டக்கூடாது. முடிந்த பிறகு ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி ஒப்பிட வேண்டும், பத்தில் ஒரு பங்குக்குமேல் வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ண வேண்டும். இரண்டு ஜோடிக் கண் என்பதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. இரண்டு கையெழுத்து. நாலு வருஷமாக ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு ஜோடிக் காதும். பாவமில்லையா? பாவம்தான். ஆனால் அண்ணியின் எண் சரியான எண், நான் சொன்னது அதன் எதிரொலி, பறவைக்கு இதில் என்ன நஷ்டம் என்று இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். பக்கிரிசாமி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், போன வாரம் நரி தடத்தின் குறுக்கே போனதாம், டவுனிலிருந்து வந்தவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி ஒருவர் சேற்றில் விழுந்தாராம். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து வட்டமும் ஓரமும் ஒரே சாம்பலாகிவிட்டது. இங்கேதான் கவனம் வேண்டும், தில்லைக் கிளை முகத்தில் பட்டு ஒடிந்தால் பால் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். இனிமேல் எனக்கென்ன என்று தோன்றி, அந்த நினைப்பே பிடிக்காமல், "வதனி, எலயத் தொடாத, அது தில்லை" என்றேன். "எப்படி அத்தை தெரியுது, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு." வாடைதான். வாடையால்தான் தெரியும். "பாத்தா தெரியும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது. முதல் பொய்யும் இப்படித்தான் சுலபமாக வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தை, அண்ணியும் நானும் மேட்டில் நின்றோம். எதிரே வடக்குத் திட்டு, திட்டு நிறைய உள்ளான் கூட்டம், சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எங்கோ பனி விழுகிற நாட்டிலிருந்து வருகிறதாம். பத்தைப் பிடிக்கலாமென்று பார்க்கிறேன், பார்த்த இடத்தில் பறவை இல்லை. கண்ணை நகர்த்தினால் நகர்ந்த இடத்தில் இல்லை, விட்ட இடத்தில் இருக்கிறது. துரத்தத் துரத்த ஓடுகிறது. பக்கத்தில் அண்ணி, க்ளிக், க்ளிக், க்ளிக். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்கக்கூடாது என்று நினைத்தேன். எண்ணினேன். அவள் முடித்தபோது என்னிடம் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு இருந்தது, பன்னிரண்டாயிரத்து நூற்றெண்பது பறவை. அன்றைக்கு அவளை முந்திக்கொண்டு, சும்மா ஒரு நூறு இருநூறைத் தள்ளிச் சொன்னேன். "எனக்கும் கிட்டத்தட்ட அதான்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். பத்து வார்த்தைக்குள் காரியம் முடிந்துவிட்டது. வேறு யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் அன்றைக்கே அழுது சொல்லியிருப்பேன். அண்ணியிடமா? சொல்வதைவிடச் சேற்றில் இறங்கி நின்றுவிடலாம்.

அண்ணி என்றால் எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, செண்பகவல்லி, எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீடு. இவருக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் கீழாநெல்லியும் கஞ்சியுமாகத் தூக்கிக்கொண்டு வந்தவள், வந்த இடத்தில், நாலு பேர் இருக்கும்போது, "இவ கைப்பக்குவத்துலயே பாதி ஈரல் போயிருச்சு என் தம்பிக்கு" என்றாள். நான் கஞ்சிச் சட்டியை எடுத்து வாசலில் வைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது. பதினெட்டு வருஷம். "அவகிட்ட சொல்லு, பால் பொங்குது", "அவுங்ககிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்கு." ஆமாம், இதே வார்த்தைதான் சொன்னேன், இப்போது ஞாபகம் வருகிறது. பேச்சு நின்ற மறுவருஷம் பறவைச் சங்கத்துக்காரர்கள் வந்து, சேற்றில் நடக்கத் தெரிந்த, பத்தாவது படித்த இரண்டு பெண்கள் வேண்டும் என்றார்கள். நண்டு பிடிக்கப் போகிறவர்களில் பத்தாவது படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என்ன செய்வது? வருஷத்துக்கு ஒரு நாள் ஒன்றாக நடந்தோம். பேசக்கூடாது என்பது விதியாக இருந்தது எங்களுக்கு எவ்வளவு வசதி. அவள் முன்னால், நான் பின்னால். ஓடையில் கை கொடுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுப்பாள். கை சூடாக இருக்கும். கட்டுச்சோற்றைப் பிரித்தால் பாதியை இலையோடு என் பக்கம் தள்ளுவாள், வாய் திறக்க மாட்டாள். நல்ல புளி சாதம். அதை நான் ஒரு நாளும் சொல்லவில்லை. செத்தவள் காதில் சொல்லவா முடியும்? எண்ணி முடித்தபிறகு மட்டும் பேசுவாள், "இவளே, நீ முதல்ல சொல்லு." ஆரம்பத்தில் அப்படி இல்லை, அவள்தான் முதலில் சொல்லுவாள், பெரியவள் இல்லையா. இந்தக் கடைசி இரண்டு வருஷமாகத்தான், நீ முதல்ல, நீ முதல்ல. எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

ஓடைக்கு வந்துவிட்டோம். நீர் வற்றிக் கிடந்தது, குறுக்கே பலகை. நீர் வற்றின நேரத்தில் சேற்றுக்குள்ளிருந்து சொடக்குப் போடுகிற சத்தம் வரும், வளைக்குள் இறால் இருந்து போடுகிறதென்று சொல்லுவார்கள். சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு அந்தச் சத்தம் என் காலடியிலிருந்து ஆரம்பித்துக் கரை முழுவதும் பரவி, க்ளிக், க்ளிக், நின்று, மறுபடி க்ளிக். அண்ணி, போதும். நான் கேட்கவில்லை, எண்ணவில்லை, போதும். நாற்பத்தொன்று. பலகையில் கால் வைத்தேன், பலகை நடுவில் வட்டம், எந்தப் பக்கம் அகலமென்று தெரியவில்லை, ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. சூடான கை. அலறியிருப்பேன். "மெதுவா அத்தை" என்றாள் வதனி. "உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" பனி என்றேன். பலகையைத் தாண்டியதும் நின்றேன், மூச்சு வாங்குகிற மாதிரி. உண்மையில் கேட்பதற்காக நின்றேன். முன்பெல்லாம் இந்த இடத்துக்கு வந்தாலே கேட்கும். இன்னும் கால் மைல் இருக்கும்போதே, சுடுகிற எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு பொரிகிற சத்தம், பத்தாயிரம் சின்ன வாய்கள் ஒரே நேரத்தில். அப்புறம் எதற்கோ மிரண்டு மொத்தமாகக் கிளம்பினால் ஈரப் புடவையை உதறின மாதிரி. இப்போது காற்று மட்டும்தான். போன வருஷமும் காற்று மட்டும்தான். அதற்கு முந்தின வருஷமும்... இருந்ததா? இருந்த மாதிரி இல்லை. அன்றைக்கு நான் காதையும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன், கண்ணுக்குத் துணையாகக் காதும் கிளம்பிவிட்டதோ என்று. காற்று எதிர்ப்பக்கம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் க்ளிக்கர் கேட்டுக்கொண்டிருந்ததே, ஆயிரத்து நூறு தடவைக்குமேல். என் காதைவிட அண்ணியின் கண்ணை நம்பினேன். அதிலென்ன தப்பு? நண்டு வளையைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் அவள்.

"அத்தை, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள் வதனி. நடந்துகொண்டேதான் சொன்னாள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள், சேறு அவள் காலடியில் பிசுபிசுவென்று பேசியது. "அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சு. இப்பத்தான் அம்மாவே இல்லையே." எனக்கு என்னமோ தெரிந்துவிட்டது. என்னைப்பற்றித்தான், என் கண்ணைப்பற்றித்தான், அண்ணி கண்டுபிடித்து மகளிடம் சொல்லியிருக்கிறாள், தெரு முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். "சொல்லு" என்றேன். குரல் என் குரலாக இல்லை. "அம்மாவுக்குச் சுகருல கண்ணு போயிருச்சு அத்தை. வலது சுத்தமா. எடது நெழலாட்டம். ரெண்டு ரெண்டரை வருஷமாச்சு. நான்தான் கண்ணுல ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன், ஒரே ஒரு தடவ வந்துச்சு, அதோட மாட்டேன்னுருச்சு." நான் நின்றுவிட்டேன். அவள் இரண்டடி முன்னால் போய்த் திரும்பினாள், தோடு ஆடியது. "நான் கேட்டேன், அப்பறம் எப்படிம்மா பறவ எண்ணப் போறன்னு. சிரிச்சுது. அவ இருக்காடி, அவ கண்ணு கழுகுக் கண்ணு, நான் சும்மா போன வருஷக் கணக்குக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே நிப்பேன், அவ வாயத் தொறந்து சொன்னா எனக்கும் அதான்னுருவேன், அவளுக்குத் தெரியவே தெரியாதுன்னுச்சு. கோச்சுக்காதீங்க அத்தை. அதுக்கு அந்த ஒரு நாளு வேணும். தை பொறந்தா போதும், செருப்பைத் தொடைக்க ஆரம்பிச்சுடும். ஒங்ககூடப் போறதுதான் அதுக்கு..." மூக்கை உறிஞ்சினாள். "ஒங்களால கணக்கு தப்பாப் போகல, அதான் எனக்கு நிம்மதி. நீங்க பாத்துருக்கீங்கல்ல."

நான் பார்த்திருக்கிறேன். கழுகுக் கண். நடந்தேன், நடந்துதான் ஆக வேண்டும், நின்றால் சேறு பிடித்துக்கொள்ளும். அப்படியானால் அந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எது? அவள் அழுத்தினாள், நான் கேட்டேன். நான் சொன்னேன், அவள் ஆமாம் என்றாள். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் அவள் விரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் எதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டு தை மாசம் அந்தத் திட்டை ஒருவரும் பார்க்கவில்லை. சீ, என்ன காரியம் இது? ஒரு வார்த்தை, அண்ணி, ஒரே ஒரு வார்த்தை, எனக்குத் தெரியலடி என்று நீ சொல்லியிருந்தால் எனக்கும்தான் என்று நான் சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேனா, மாட்டேன், எனக்குக் கண்ணு இருக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய். புளி சாதத்தைத் தள்ளினாயே, அப்போது எனக்கு உன் கை தெரியவில்லை, இலை ஓரம்தான் தெரிந்தது, உனக்கு என் முழங்கால்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம். அந்தத் தாளை மேலே அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு அதிகாரி, யாரோ ஒரு படித்த ஆள், வடக்குத் திட்டில் பதினோராயிரத்துச் சொச்சம் என்று வாசித்து, சரி, அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்திருப்பான். திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். அழுகிறேன் போலிருக்கிறது, காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று வதனி நினைத்துக்கொள்ளட்டும்.

மேடு வந்துவிட்டது. கால் கண்டுபிடித்துவிட்டது, சிப்பி நெருக்கமாகக் குத்துகிற இடம். "இங்கதான் நிப்போம்" என்றேன். "பேசக்கூடாது. முடிஞ்சதும் சொல்லு." வதனி பைனாகுலரை எடுத்தாள், தோல்வார் கிறீச்சிட்டது. நானும் எடுத்து வைத்துக்கொண்டேன், கறுப்பு வளையத்துக்குள் சாம்பல் வட்டம், அதன் விளிம்பைச் சுற்றி வெளிச்சம். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓரத்தில் வந்தது, திட்டு நெடுக ஒரு கறுத்த வரி, தடிப்பாக, புள்ளி புள்ளியாக, காற்றில் லேசாக அசைகிற மாதிரி. இருக்கின்றன. தாயே, இருக்கின்றன. போன வருஷமும் இதே வரியைத்தான் ஓரத்தில் பார்த்தேன், அப்படியானால் அன்றைக்கும் இருந்திருக்கும், அண்ணி குத்துமதிப்பாக அழுத்தினாலும் கணக்கு அவ்வளவு ஒன்றும் தப்பியிருக்காது. பொரிகிற சத்தம் ஏன் இல்லை? தூங்கும். குளிருக்குத் தூங்கும். பதினோராயிரத்து இருநூறு என்று சொல்லிவிடலாம். இவள் புதுசு, நான் பதினேழு வருஷம் எண்ணினவள், இவள் எண் எட்டாயிரமோ பத்தாயிரமோ வரும், பழக்கமில்லை, சரியாயிடும் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம். போய்விட்டால் அடுத்த வருஷமும் வரலாம். அண்ணியின் க்ளிக்கரில் கட்டைவிரலை வைத்தேன். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடித் திரையில் ஒரு விரல் தொடுவது எப்படிக் கேட்கும்? நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் திட்டின் முன்னால் தனியாக நின்றேன், முழுத் தனியாக, காதுக்குள் காற்று அடிக்க. "முடிச்சுட்டேன் அத்தை" என்றாள் வதனி.

அதற்குள்ளா? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தாயிரம் பறவையை ஒரு நிமிஷத்தில் யாரால் எண்ண முடியும்? மிஷினா? அந்த ஃபோனே எண்ணுமா? "நீங்க நிதானமா எண்ணுங்க, நான் இருக்கேன்" என்றாள். குரலில் ஏதோ இருந்தது, என்மேல் சந்தேகம் இல்லை அது, கூச்சம், தான்தான் எதையோ விட்டுவிட்டோம் என்கிற கூச்சம். பெரியவளுக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி மகள். நல்ல கண், ரத்தத்துக்குள் அணுவை எண்ணுகிற கண். இன்னும் பத்து நிமிஷம் நான் பொய்யாக நின்றால் அதையும் கெடுத்துவிடுவேன். பைனாகுலரை இறக்கினேன். "வதனி." "ம்?" "எனக்குத் தெரியலம்மா." "என்ன அத்தை?" "எனக்குக் கண்ணு தெரியாது. நாலு வருஷமாச்சு. ஒங்கம்மா க்ளிக்கருச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுத்தான் நான் சொல்லிக்கிட்டிருந்தேன்." சேறு மட்டும் எங்கேயோ கொப்பளித்தது. தோடு அசையாமல் நின்றது. மெதுவாக, "அப்ப ரெண்டு பேரும்..." என்றாள். "ஆமா. ரெண்டு பேரும்." திட்டலாம், சிரிக்கலாம், எதையாவது செய்யேன் பெண்ணே. அவள் கிட்டே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றேன். "அங்க என்ன இருக்கு? நீ பாத்தத மட்டும் சொல்லு." "ஒன்பது, அத்தை." "ஒன்பதாயிரமா?" "இல்ல அத்தை." "நூறா?" "ஒன்பதுதான். மூனு தடவ எண்ணிட்டேன். ஒன்னு ஒத்தக் கால்ல நிக்குது." "அந்தக் கறுப்பு வரி? திட்டு நெடுக இருக்கே, அசையுதே." "அது உமரி அத்தை. உமரிச் செடி காஞ்சு நிக்குது. இந்தப் பக்கம் பூரா அதான்." உமரி. ஒரு வருஷத்தில் வருகிற செடியா அது, திட்டு நெடுக? எத்தனை வருஷமாக நிற்கிறதோ. பறவை எந்தத் தையில் போயிற்றோ, எதனால் போயிற்றோ, எந்த வருஷம் பாதியாக ஆயிற்றோ, எங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழுத்திக்கொண்டிருந்தோம். க்ளிக்கரை அவளிடம் நீட்டினேன், "இதுல என்ன நம்பரு நிக்குதுன்னு பாரு." "ஆயிரத்து நூத்து இருபத்தாறு." போன வருஷத் தாளில் இருக்கிற எண். பதினோராயிரத்து இருநூற்று அறுபது. அண்ணி அதை அழிக்காமல் அப்படியே பெட்டியில் வைத்திருந்திருக்கிறாள், அடுத்த தைக்கு எதுவரை அழுத்த வேண்டுமென்று ஞாபகத்துக்கு. பக்கவாட்டுத் திருகை நானே திருகினேன், உள்ளே சக்கரங்கள் கரகரவென்று ஓடி நின்றன. "சைபரா?" "சைபர்தான்."

"தாள்ல ஒன்பதுன்னு எழுது" என்றேன். "பேரு ஒன்னு மட்டும் போடு, ஒன் பேரு. ரெண்டாவது எடத்த காலியா விடு. ஏன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன். திரும்பிப் போறப்ப ஆபீசுக்குள்ள என்னக் கூட்டிட்டுப் போ, அந்தப் பழைய தாள எல்லாம் எடுக்கச் சொல்லணும்." "அம்மா பேரும் வருமே அத்தை" என்றாள் வதனி, சின்னக் குரலில். "வரும்" என்றேன். "எங்க ரெண்டு பேரு பேரும் சேந்துதான் வரும்." அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னொன்னாச் சொல்லு, நான் அழுத்துறேன்" என்றேன். அவள் பைனாகுலரைத் தூக்கினாள். "எடது ஓரத்துல ஒன்னு." க்ளிக். "பக்கத்துலயே ஒன்னு." க்ளிக். தண்ணீர் ஓரம் இரண்டு, தள்ளி ஒன்று, தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு மூன்று. ஒற்றைக் காலில் நிற்பதைக் கடைசியாகச் சொன்னாள். க்ளிக். "அவ்வளவுதான் அத்தை." என் கட்டைவிரல் நிற்கவில்லை, பழக்கத்தில் பத்தாவதுக்கு எழும்பிக் குமிழின்மேல் போய் உட்கார்ந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.